வேலைக்குப் போன மலை

எங்கள் ஊர் மலை ஒரு திங்கட்கிழமை விடிய எழும்பி வேலைக்குப் போனது. வேல்ஸ் நாட்டில், நிலக்கரி தோண்டித் தோண்டி உள்ளே ஒன்றுமில்லாமல் போன பள்ளத்தாக்குகளில் ஒன்றான கூம்லொய்டனில், சுரங்கம் மூடி நாற்பது வருசமாகியும் ஒருவருக்கும் ஒழுங்கான வேலை அகப்படாத ஊரில், கடைசியில் வேலை கிடைத்தது மலைக்குத்தான். முதல் பஸ் வருவதற்குச் சற்று முன்னால் அது உடம்பை நெளித்து, இடுக்குகளில் கிடந்த பனியை உதறி, உச்சியில் நின்ற மேகத்தைத் தொப்பி போலச் சரிசெய்து, மேலே மேய்ந்துகொண்டிருந்த செம்மறிகளையும் சேர்த்துக்கொண்டு, பெரிய வீதியால் இறங்கிப் போய் சந்தியில் இடப்பக்கம் திரும்பியது. கடை திறக்க ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நின்ற நான் பார்த்தேன். சந்தியில் ஒரு பால் வண்டிக்கு வழிவிட்டு நின்றுதான் திரும்பியது என்பதால், பொறுப்பான மலை என்றே எனக்குப் பட்டது.

நான் குகநேசன். இணுவிலில் பிறந்து, லண்டனில் மச்சானின் பெற்றோல் நிலையத்தில் பல வருசம் இரவு வேலை செய்து, வேல்ஸில் மலிவாக ஒரு கடை வருகிறது என்று கேள்விப்பட்டு மனைவி இராசமலரையும் மகள் ஆரணியையும் கூட்டிக்கொண்டு வந்தவன். மலிவுக்குக் காரணம் வந்த பிறகுதான் தெரிந்தது. கடை இருந்த தெரு முழுவதும் மலையின் வடக்குக் காலடியில் இருந்தது, ஐப்பசி பிறந்தால் மாசி முடியும்வரை அங்கே ஒரு பொட்டு வெயில் விழாது. மலைக்கு வெல்ஷ் மொழியில் நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆரணி அதைச் சொல்வாள், எனக்கு இன்றைக்கும் நாக்கு வளையாது, ஆகவே நான் மலை என்றே சொல்கிறேன். ஊர்ச் சனம் கதைத்ததையும் எங்களுடைய பேச்சிலேயே சொல்லப்போகிறேன், அவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

மலை போன அன்று காலையில் பேப்பர் வாங்க வந்த பழைய சுரங்கத் தொழிலாளிகள் ஒருவரும் அதைப் பார்த்துத் திகைக்கவில்லை. அவர்களுக்கு வந்தது எரிச்சல். யூனியனின் கடைசிச் செயலாளராக இருந்த கெரைன்ட், அங்கத்தவர் ஒருவரும் இல்லாமல் போன பிறகும் திங்கட்கிழமைதோறும் தொழிலாளர் மண்டபத்தைத் திறந்து ஒரு மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டுப் பூட்டுகிற மனுசன், என் கடை வாசலில் நின்று, யார் வேலைக்கு எடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள், எங்களை ஏன் கேட்கவில்லை என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தம்பி, மலை பிறந்த நாளிலிருந்து நிலக்கரிக்குள்ளேயே இருந்த ஆள், அந்த அனுபவம் உனக்கு உண்டா என்று கேட்டதில் அண்ணனும் தம்பியும் கொஞ்சக் காலம் கதைக்காமல் இருந்தார்கள். கவுன்சிலிலிருந்து ஒரு என்ஜினியர் வந்து, மலை நின்ற இடத்தில் தட்டையாகக் கிடந்த கறுத்த ஈர நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்து, பின்னேரம் திரும்பி வருகிறதென்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார். பாதிரியார் மட்டும் அது பத்திரமாக இறங்கி ஏற வேண்டும் என்று ஜெபித்தார், அந்த ஊரில் வேலைக்குப் போகிற எவனுக்கும் சொல்லுகிற ஜெபம் அது.

பின்னேரம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மலை திரும்பி வந்தது. அடியிலிருந்து நுனிவரை கறுப்பு. செம்மறிகளும் கறுப்பு. அது வந்து தன் இடத்தில் பெருமூச்சோடு உட்கார, தெருவில் இருந்த அலுமாரிகளில் கோப்பைகள் கிலுங்கின. எங்கே போனாய், யாரிடம் வேலை என்று கெரைன்ட் கேட்டார். களைத்துப்போய் வந்தவனிடம் வாசலில் வைத்துக் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லி அவரைப் பிடித்து அப்பால் இழுத்தது மிஸிஸ் பிரைஸ் என்ற குவென் அன்ரி.

குவென் அன்ரியின் வீடு தெருவில் கடைசி வீடு, பின்சுவர் மலையில் சாய்ந்துகொண்டிருக்கும். புருசன் இட்ரிஸ் சுரங்கத்தில் தூசி குடித்து நெஞ்சு அடைத்துப் போனவர். இரண்டு ஆண்பிள்ளைகள், ஒருத்தன் பெர்த்தில், ஒருத்தன் கல்கரியில், இரண்டும் கடல் கடந்த ஊர். அன்ரிக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது, முழங்கால் இரண்டும் சொல் கேட்காது, கடைக்கு வர ஒருதரம் போக ஒருதரம் என்று வழியில் இரண்டுதரம் நிற்பா. அன்று அவ கேத்தலை அடுப்பில் வைத்து, கொட்டிலில் கிடந்த தகரத் தொட்டியை இழுத்து வந்து மலையடியில் வைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினதைப் பார்த்ததும் தெருவில் இருந்த பெண்கள் எல்லாரும் தங்கள் தங்கள் கேத்தலை வைத்தார்கள். வேலையால் கறுத்து வருகிறவனுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கழுவிவிடுவது அவர்களுடைய தாய்மாரும் அம்மம்மாமாரும் செய்துவந்தது, கை மறக்கவில்லை. இரண்டாம் நாள் தீயணைப்புக்காரர் குழாயோடு வந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு முறை போட்டு, ஊரைப் பார்த்த பக்கம் எல்லாம் புல் பச்சையாகத் தெரியும்வரை தினமும் கழுவினார்கள். ஊரைப் பார்த்த பக்கம் முகமும் நெஞ்சும், மறுபக்கம் முதுகு. அதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சொல்லப்போனால் மலை வேலைக்குப் போனதில் அதிகம் நன்மை அடைந்தவர்கள் நாங்கள்தான். தெருவில் வெயில் விழுந்தது. நடு மார்கழியில் என் கடைக் கண்ணாடி ஊடாக வெயில் வந்து பால் பெட்டியில் பட, பாலை இடம் மாற்றி வைக்க வேண்டியதாகப் போயிற்று. இராசமலர் லண்டனிலிருந்து வேப்பம்பூ எடுப்பித்து வடகம் போட்டு, மலை இல்லாத நேரத்தில் மலை நின்ற இடத்தில் பாய் விரித்துக் காயவைத்தாள். பக்கத்துப் பாயில் மோர்மிளகாய். ஊர்ப் பெண்கள் முதலில் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்கள், பிறகு பியருக்குத் தோதாக இருக்கிறது என்று புருசன்மார் சொல்ல, வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குச் சனத்தோடு எங்கள் ஊருக்கு நூறு வருச ரக்பிப் பகை, நடுவில் மலை நின்றபடியால் அதை நிம்மதியாக நடத்தி வந்தார்கள். இப்போது மத்தியானம் முழுக்க அவர்கள் பின்வளவில் உடுப்புக் காயப்போடுவதும், இவர்கள் தேத்தண்ணி குடிப்பதும், ஒருவருக்கொருவர் வெட்டவெளியாகத் தெரிந்தது. கொஞ்ச நாள் திரைச்சீலையை இழுத்து வைத்தார்கள். பிறகு யாரோ ஒரு பெண் தவறுதலாகக் கை அசைத்துவிட, அந்தப் பக்கத்திலிருந்தும் கை அசைந்துவிட, பகையை எப்படித் தொடர்வது என்று மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆனால் மலை வீடு திரும்பும்போது எங்களைப் பார்த்துத்தான் உட்கார்ந்தது, அவர்களுக்கு முதுகுதான். அதனால் அவர்கள் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வார்க்கவில்லை.

செம்மறிகளின் சொந்தக்காரன் ஹவல்தான் பாவம். வேலைக்குப் போய் வந்த செம்மறிகள் சொன்னபடி கேட்பதில்லை, நடுவில் ஓய்வு விடாமல் உரோமம் வெட்ட விடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் நாயைக் கண்டாலும் அசைவதில்லை என்று முறையிட்டான். கெரைன்ட் அவனிடம், அது அவற்றின் உரிமை என்றார். அப்போதே மனுசன் எரிச்சல் தீர்ந்து, மலையின் ஆளாக மாறியிருந்தார். மலையை யூனியனில் சேர்த்து, நாற்பது வருசத்துக்குப் பிறகு மண்டபத்தில் அங்கத்தவர் ஒருவர் வந்தார் என்று வாசலில் கொடி கட்டினார். மலை உள்ளே வரமுடியாதபடியால் கூட்டங்களைக் கதவைத் திறந்து வைத்து நடத்தினார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் மலை பிந்தி வரத் தொடங்கியது.

முதலில் கொஞ்ச நேரம்தான். பிறகு விளக்கு வைத்த பிறகு வந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து வந்தது, குவென் அன்ரி தண்ணீரை மூன்றாம் முறை சூடாக்கிக்கொண்டு வாசலில் நின்றா. ஊரில் ஒருவரும் இதைப்பற்றிச் சத்தமாகக் கதைக்கவில்லை. ஆனால் எல்லாருடைய முகத்திலும் ஒரே எண்ணம்தான் இருந்தது, ஏனென்றால் அந்த ஊரில் இந்தக் கதை மனப்பாடமாகத் தெரியாத வீடு இல்லை. எங்கள் வீட்டிலும் அது பாதிவரை நடந்து முடிந்திருந்தது.

ஆரணி கார்டிஃப் நகரத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு மணித்தியால ரெயின்தானே, வீட்டிலிருந்தே போய்வருகிறேன் என்றாள். போய்வந்தாள். பிறகு மழைக்காலத்தில் ரெயின் பிந்துகிறது என்று சிநேகிதி வீட்டில் இடைக்கிடை தங்கினாள். பிறகு அறை எடுத்தாள், சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போனாள். எங்கள் சனத்தில் பெண்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைதான் எண்ணெய் முழுக்கு, ஆனால் கம்பனிக்காரன் வெள்ளிக்கிழமை விடமாட்டான் என்பதால் இராசமலர் சாத்திரத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மகளை முழுகவார்த்து அனுப்புவாள். மலை பிந்தி வரத் தொடங்குவதற்கு முந்தின மாதம் அவள் போன் எடுத்து, இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவது கஷ்டம் அம்மா என்று சொன்னாள். இராசமலர் சரி பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டு, கழுவின அரிசியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மலை ஒரு இரவு முழுக்க வராமல் விட்ட அடுத்த நாள், இராசமலரும் குவென் அன்ரியும் வடகப் பாய்க்குப் பக்கத்தில் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அன்ரிக்குப் பால் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். அன்ரி மலை போன சந்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

“முதல்ல ஒவ்வொரு நாளும் வருவினம். பிறகு கடைசி பஸ்ஸில வருவினம். பிறகு சனிக்கிழமை. பிறகு கிறிஸ்மஸுக்கு. பிறகு எங்களை அங்க வரச்சொல்லுவினம். என்னெண்டு போறது, ஆர் இஞ்ச கதவைத் திறக்கிறது?”

இராசமலர் அன்ரியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கெரைன்டைக் கேட்டால் அவர் இதில் ஒரு பிழையும் காணவில்லை. உழைக்கிறவன் உழைக்கிற இடத்துக்குக் கிட்ட இருப்பான், அதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்று வாதாடினார். எல்லாப் பெடியளும் ஊரை விட்டுப் போனபோது நீங்கள் தடுத்தீர்களா, மலையென்றதும் ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி, அதனால் ஒருவருக்கும் அவரைப் பிடிக்காமல் போனது.

அந்தச் சனிக்கிழமை ஆரணி வரவில்லை. மலை வந்தது, ஆனால் மத்தியானம் திரும்பிப் போகப்போகிறவன் மாதிரி மேகத்தைக் கழற்றாமலே உட்கார்ந்தது. அன்று கழுவுகிற முறை எங்கள் வீட்டுக்கு. இராசமலர் முகத்தைக் கழுவி, நெஞ்சைக் கழுவி முடித்துவிட்டு, எத்தனையோ நாளாக அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்த விசயத்தைச் சொன்னாள். இது என்ன அரைக்குளிப்பு, முன்பக்கம் மட்டும் தேய்த்து முதுகை அப்படியே விடுகிறார்கள், ஊத்தை கட்டியாக இருக்கிறது, பாவம், அதற்குக் கடித்து அரிக்காதா என்றாள். இணுவிலில் முதுகு தேய்த்துவிடுவதுதான் அன்பு, மற்ற இடமெல்லாம் அவனவன் கை எட்டும். நானும் சரிதானே என்றேன். அவள் வாளியையும் தேய்க்கிற தேங்காய்த் தும்பையும் சீயாக்காய்ப் பையையும் தூக்கிக்கொண்டு ஆட்டுப் பாதையால் சுற்றிப் பின்பக்கம் போனாள். பின்வளவுகளில் நின்ற பகையாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையைத் தேய்க்கிற மாதிரி, அடியிலிருந்து கல்வேலி இருக்கிற உயரம்வரை தேய்த்தாள். மலை கண் சொக்கிப்போய் இருந்தது என்று வந்து சொன்னாள். கை ஏலாமல் போனதால் மேற்கொண்டு போகவில்லை, தெருவால் திரும்பி வரும்போது வாளியைக் கண்டு குவென் அன்ரி கேட்டா, சொன்னேன் என்றாள். அன்ரி என்ன சொன்னா என்று கேட்டேன். வாளியை ஒருக்கால் தாவென்று வாங்கி வைத்துக்கொண்டா என்றாள்.

திங்கட்கிழமை மலை எழும்பவில்லை.

எழும்பப் பார்த்தது. முதல் பஸ்ஸுக்கு முன்னால் ஒருமுறை முக்கியதில் எங்கள் அலுமாரிக் கோப்பைகள் எல்லாம் ஒரே பக்கத்துக்கு நகர்ந்தன. பிறகு முனகிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டது. ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் வந்து, காதில் குழாயை வைத்துப் பல இடத்தில் அழுத்திப் பார்த்து, இது முள்ளந்தண்டு, பாரம் தூக்கக்கூடாது, அசையாமல் இருக்கவேண்டும் என்றார். அதைக் கேட்ட கெரைன்ட் பத்து வயது குறைந்தவர் மாதிரி ஆனார். வேலையால் வந்த முதுகு நோவு, நட்டஈடு உண்டு என்று மண்டபத்தைத் தினமும் திறந்தார். எந்த முதலாளியிடம் கேட்பது என்று மட்டும் தெரியவில்லை, அதை மலை இன்னும் சொல்லவில்லை. நெஞ்சுத் தூசிக்கு வழக்காடிப் பழகின கிழவர்கள் எல்லாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஊரே கலகலப்பாக இருந்தது.

அப்போதுதான் ஹவல் செம்மறிகளைத் தேடி மறுபக்கம் போய்விட்டு ஓடிவந்து சொன்னான், மலையின் முதுகு அடியிலிருந்து உச்சிவரை ஒரு கறுப்பும் இல்லாமல் கழுவியிருக்கிறது என்று.

மண்டபம் அமைதியாகிவிட்டது. எனக்கு அந்த அமைதி விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற கெரைன்டின் தம்பிதான் சொன்னார். அந்தப் பள்ளத்தாக்கில் சுரங்கத்துக்குள் இறங்குகிற எவனும் முதுகைக் கழுவ விடமாட்டானாம். கழுவினால் முதுகு பலம் கெட்டுவிடும், நிமிர்ந்து நின்று உழைக்க முடியாது. தகரத் தொட்டியில் உட்காருகிறவனுக்கு மனைவி எல்லா இடமும் தேய்ப்பாள், முதுகில் ஈரத்துணியால் ஒற்றுவதோடு சரி. இதை ஏன் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். இது தெரியாத மனுசர் உலகத்தில் இருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து இராசமலருக்குச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. சமாதானத்துக்காக, நாங்கள் தலைமுறை தலைமுறையாக முதுகு தேய்த்து முழுகுகிற சனம், இருந்தும் பார், இணுவிலிலிருந்து இந்தப் பனிக்குள் வரை வந்து சேரப் பலம் இருந்ததுதானே என்றேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, தேய்க்காமல் விட்டிருந்தால் இன்னும் எவ்வளவு தூரம் போயிருப்போமோ என்றாள்.

விசாரணைக் கூட்டத்தை அந்தச் சனிக்கிழமை வைத்தார்கள். நடந்ததைக் கேள்விப்பட்டு ஆரணி வந்திருந்தாள், அம்மாவுக்குப் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், பாதிக்கப்பட்ட அங்கத்தவர் வெளியே மழைக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். கெரைன்ட் எழும்பினார். சத்தம் போடுவார் என்று பார்த்தேன், போடவில்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது.

“நாப்பது வருசத்துக்குப் பிறகு இந்த ஊரில ஒருத்தனுக்கு வேலை கிடைச்சது,” என்றார். “ஒரே ஒருத்தனுக்கு. அவன்ர முதுகை ஆர் கழுவினது?”

இராசமலர் எழும்பினாள். நான் அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன், அவள் தட்டிவிட்டாள்.

“நான்தான் கழுவினனான். தெரியாமச் செய்திட்டன். ஆனா கல்வேலி வரைக்கும்தான், அதுக்கு மேல என்ர கை ஏலாமப் போச்சு.”

எல்லாரும் ஹவலைப் பார்த்தார்கள். ஹவல், இல்லை, உச்சிவரைக்கும், ஒரு சாண் இடம் விடாமல், கல்லுக்குக் கீழே கூடத் துடைத்திருக்கிறது என்றான். மண்டபத்தில் இருந்த சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் குவென் அன்ரி எழும்பினா. எழும்ப நேரம் எடுத்தது. முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்து காய்ந்திருந்ததையும், விரல்களில் எல்லாம் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததையும் அப்போதுதான் நாங்கள் பார்த்தோம்.

“மிச்சத்தை நான் கழுவினனான். எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் செய்தனான்,” என்றா.

கெரைன்ட் என்னவோ கேட்க வாயெடுத்தார். அன்ரி கையைக் காட்டி மறித்தா.

“என்ர மனுசனுக்கு முன்பக்கம் மட்டும்தான் தேய்ச்சு விட்டனான். பெடியள் ரெண்டு பேருக்கும் அப்பிடித்தான். முதுகில கை வைக்காத எண்டு அம்மா சொன்னவ, நான் ஒருநாளும் வைக்கேல்ல. மூண்டு பேரும் நல்ல பலமாத்தான் இருந்தவங்கள், கெரைன்ட். மூண்டு பேரில ஒருத்தரும் வீட்டில இல்லை.”

சொல்லிவிட்டு அவ இருந்துவிட்டா. கெரைன்டும் இருந்துவிட்டார். ஒருவரும் கூட்டம் முடிந்தது என்று சொல்லவில்லை, சனம் தானாக எழும்பி ஒவ்வொருவராக வெளியே போய், மலையைக் கடந்து போகும்போது ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார்கள். அது அவர்களிடம் கோபித்த மாதிரித் தெரியவில்லை. மேகத்தைக் கழற்றி வைத்திருந்தது. கெரைன்ட் கடைசியாக வந்து, அதன் அடியில் குந்தி உட்கார்ந்து, மன்னித்துக்கொள் தோழரே என்று சொன்னதாகவும், வேலைதான் போனதே தவிர யூனியனில் உன் பெயர் இருக்கும் என்று உறுதி கொடுத்ததாகவும் அவர் தம்பி பிறகு எனக்குச் சொன்னார். அன்றைக்கு அண்ணனும் தம்பியும் ஒன்றாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையும் வெயில் இல்லை. பின்வளவில் பாதி காய்ந்த வடகத்தை இராசமலர் உள்ளே எடுத்து வைத்தாள், இனி அது அடுப்படிச் சூட்டில்தான் காய வேண்டும். கடையில் அன்று வழக்கமாகப் பேப்பருக்கு வருகிற கிழவர்கள் ஒருவரும் வரவில்லை. பத்து மணிபோல் அவர்களுடைய மனைவிமார் வந்து பேப்பரை எடுத்துக்கொண்டு, அவர் இன்றைக்கு எழும்பமாட்டார், இடுப்புப் பிடித்திருக்கிறது என்று ஒருவர் மாறி ஒருவர் ஒரே கதையைச் சொன்னார்கள். எல்லாருடைய கையும் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

கடையை ஒரு மணித்தியாலம் பூட்டிவிட்டு மேல்மாடியில் வீட்டுக்குப் போனேன். ஆரணி காலை ரெயினுக்குப் போக வேண்டும், அதற்கு முன் முழுக்கு. குளியலறைக்குள் தாயும் மகளும். நான் சூடாக்கின துவாயோடு கதவுக்கு வெளியே நின்றேன், உள்ளேயிருந்து எண்ணெய் மணமும் சீயாக்காய் மணமும், தண்ணீர் அள்ளி ஊற்றுகிற சத்தமும் வந்தன. தலை தேய்த்து முடிந்தது. கை கால் முடிந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது.

“அம்மா, முதுகு?” என்றாள் ஆரணி.

“அது இருக்கட்டும் பிள்ளை,” என்றாள் இராசமலர். “உனக்கு ரெயினுக்கு நேரமாகுது.”

நான் மடித்த துவாயையே திரும்ப மடித்துக்கொண்டு நின்றேன்.

“கொஞ்சமாத் தேய்ச்சு விடுங்கோ அம்மா,” என்றாள் ஆரணி. “கொஞ்சம் போதும்.”

காலை ரெயின் போய்விட்டது. பின்னேர ரெயினுக்கு நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியை நான் தூக்கினேன், அவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ஸ்டேசனில் ஒவ்வொரு படியாக ஏறினாள்.